இருபத்தேழு விளக்கும் ஒரு கணக்கு வாத்தியாரும்

தி. நகரில் தீபாவளிக்கு முன்பு கூடும் கூட்டம் துணி வாங்க வருவது. போன ஆண்டு வெள்ளிக்கிழமைதோறும் அங்கே ஒரு கல்யாண மண்டபத்தில் கூடிய தொள்ளாயிரம் பேர் புத்தியை விற்க வந்தவர்கள். வாங்குகிறவர் ஒருவர்தான். அவர் பெயர் அக்ஷயோகி சுவாமிகள்.

வாசலில் ஆளுயரப் பேனர். "பகடையிலும் பரம்பொருள் உண்டு! கொழும்பு கிராப்ஸ் யாத்திரை. ஏ.சி. அறை, சுத்த சைவ உணவு, வெற்றி நிச்சயம்!" சூதாட்டத்துக்கு யாத்திரை என்று பெயர் வைத்தபோதே பாதிப் பாவம் கழிந்துவிட்டது. மீதிப் பாவத்துக்குத்தான் சைவ உணவு.

பேனரின் ஓரத்தில் கண்ணாடி போட்ட ஒரு வழுக்கைத் தலை சிரித்துக்கொண்டிருக்கும். அதன் கீழே "கணித மேதை பேராசிரியர் சிகாமணி உறுதி அளிக்கிறார்" என்று போட்டிருக்கும். அந்த வழுக்கைத் தலை என்னுடையது.

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள், எனக்கு வேண்டியதுதான். முப்பத்தொரு வருடம் கல்லூரியில் நிகழ்தகவு நடத்தியவன் நான். "பகடைக்கு ஞாபகசக்தி கிடையாது" என்று ஆண்டுதோறும் கரும்பலகையில் எழுதிப்போட்ட கை இது. இதே கையால்தான் அக்ஷயோகியின் காலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன்.

யோகியின் பூர்வாசிரமப் பெயர் கோபால். அசோக் நகரில் சமையலறைப் புகைபோக்கி விற்றுக்கொண்டிருந்தார். புகையை வெளியே தள்ளும் தொழிலில் வருமானம் போதவில்லையோ என்னவோ, புகையை உள்ளே தள்ளும் தொழிலுக்கு மாறிவிட்டார். ஒருநாள் காலை ராஜா அண்ணாமலைபுரத்தில் என் வீட்டுக் கதவைத் தட்டினார்.

"சார், ஆன்மிகத்துக்கு ஒரு கணிதத் துணை தேவைப்படுகிறது. சென்னையில் விசாரித்தேன். எல்லாரும் உங்கள் பெயரைத்தான் சொல்கிறார்கள்."

எல்லாரும் என்றால் யார் என்று நான் கேட்கவில்லை. ஓய்வு பெற்று நாலு வருடம். வீட்டில் என் மனைவி மதுமதி என்னிடம் கேட்கும் ஒரே கேள்வி, கேஸ் சிலிண்டருக்குப் பதிவு செய்தாச்சா என்பதுதான். அப்படிப்பட்டவனை ஒருவர் தேடி வந்து மேதை என்கிறார். நாற்காலியைத் துடைத்துப் போட்டேன்.

அவர் கேட்டது கிராப்ஸ் ஆட்டத்தில் சாதகமான பந்தயம் எது என்று. நானும் இரண்டு நாள் உட்கார்ந்து படித்தேன். ஆட்டம் சுலபம். இரண்டு பகடையை உருட்டிக் கூட்டுத்தொகையைப் பார்க்க வேண்டும். முதல் உருட்டலில் ஏழோ பதினொன்றோ வந்தால் ஜெயம். இரண்டு, மூன்று, பன்னிரண்டு வந்தால் தோல்வி. வேறு எண் வந்தால் அதே எண் மறுபடி விழும்வரை உருட்ட வேண்டும். அதற்குள் ஏழு விழுந்துவிட்டால் போச்சு. இந்த அடிப்படைப் பந்தயத்தில் நூறு ரூபாய்க்குச் சராசரியாக ஒரு ரூபாய் நாற்பது காசு சூதாட்ட விடுதிக்காரனுக்குப் போகும். மேஜை நடுவில் பளபளவென்று எழுதியிருக்கும் பந்தயங்களில் பதினாறு ரூபாய்கூடப் போகும்.

ஒரே ஒரு பந்தயம் மட்டும் விதிவிலக்கு. முதல் உருட்டலில் ஜெயமும் இல்லாமல் தோல்வியும் இல்லாமல் ஆட்டம் நீண்டால், அடிப்படைப் பந்தயத்துக்குப் பின்னால் கூடுதலாக ஒரு தொகை வைக்கலாம். அந்தக் கூடுதல் தொகையில் விடுதிக்காரனுக்கு ஒரு காசு லாபம் கிடையாது. எண் எவ்வளவு அரிதோ, அவ்வளவு சரியாகக் கொடுத்துவிடுவான். இதைக் கண்டதும் எனக்குத் தலைகால் புரியவில்லை. மதுமதியைக் கூப்பிட்டுச் சொன்னேன்.

"லாபமே இல்லாத பந்தயத்த அவன் எதுக்குங்க வெச்சிருக்கான்?" என்றாள்.

"அத வைக்கணும்னா மொதல்ல அந்த ஒண்ணே நாப்பது பந்தயத்த வெச்சாகணும்."

"பஸ்ஸுக்கு டிக்கெட் இல்ல, படிக்கட்டுக்கு டிக்கெட்னு சொல்லுங்க" என்று சொல்லிவிட்டுக் குழம்பைப் பார்க்கப் போய்விட்டாள். என் ஆராய்ச்சி முழுவதும் அந்த ஒரு வரியில் முடிந்திருக்க வேண்டியது. அவள் கணக்கு படித்தவள் இல்லையே என்று நான் கண்டுகொள்ளவில்லை.

யோகியிடம் கண்டிப்பாகத்தான் சொன்னேன். "சுவாமி, இது நஷ்டமில்லாத பந்தயம். அவ்வளவுதான். சாதகமான பந்தயம்னு அந்த மேஜையில எதுவுமே கிடையாது."

"நஷ்டமில்லாதது சாதகம்தானே, சார்?" என்று சொல்லிக்கொண்டே ஒரு ஜரிகை அங்கவஸ்திரத்தை எடுத்து என் தோளில் போர்த்தினார். அன்று மாலை மண்டபத்து வெள்ளைப்பலகையில் "சாதகமான பந்தயம்" என்று எழுதினேன். எழுதும்போது கை ஒரு வினாடி நின்றது. முப்பத்தொரு வருடப் படிப்பு எனக்குக் கொடுத்த எச்சரிக்கை அந்த ஒரு வினாடிதான். அங்கவஸ்திரம் வழுவழுப்பாக இருந்தது. தொடர்ந்து எழுதிவிட்டேன்.

அடுத்து யோகி இன்னொரு கணக்குக் கேட்டார். மேடையில் இரண்டு முதல் பன்னிரண்டு வரை பதினோரு எண்களுக்குப் பதினோரு தட்டு. மொத்தம் இருபத்தேழு விளக்கு, நட்சத்திரத்துக்கு ஒன்று. எந்தத் தட்டில் எத்தனை விளக்கு வைத்தால் எண்ணின் சக்திக்குப் பொருந்தும்? இரண்டு பகடை முப்பத்தாறு விதமாக விழும். அதில் ஏழு ஆறு விதத்தில் வரும், பன்னிரண்டு ஒரே ஒரு விதத்தில் வரும். அந்த விகிதத்தில் பிரித்துக் கொடுத்தேன். ஏழுக்கு ஐந்து விளக்கு. ஆறுக்கும் எட்டுக்கும் நாலு நாலு. ஐந்துக்கும் ஒன்பதுக்கும் மும்மூன்று. நாலுக்கும் பத்துக்கும் இரண்டிரண்டு. ஓரத்தில் இருக்கும் நாலு எண்ணுக்கும் ஒவ்வொன்று. சரியாக இருபத்தேழு! சந்தோஷத்தில் அன்று இரண்டு தடவை காபி குடித்தேன்.

இந்த விளக்கு எதற்கு என்று கேட்டேனா? மேதை கேட்பானா?

வெள்ளிக்கிழமைச் சடங்கு இதுதான். மண்டபத்துக்குள் ஒன்பது கவுண்டர். பெயரையும் நட்சத்திரத்தையும் சொன்னால் மடித்த குங்குமப் பொட்டலம் ஒன்று கொடுப்பார்கள். உள்ளே ஒரு சீட்டில் இன்றைய அருள் எண் இருக்கும். தனியாகப் பார்க்க வேண்டும். அடுத்தவருக்குக் காட்டினால் பலிக்காது. இரண்டாவது பொட்டலம் வாங்கினால் குலத்துக்கே தோஷம். வாங்கியவர் புறங்கையில் அடையாளமாகக் குங்குமம் வைத்துவிடுவார்கள். பிறகு யோகி மேடையில் பகடையை உருட்டுவார்.

"நான் அனுப்புவது ஒரே எண்தான், மக்களே. சந்தேகம் உள்ளவர் கைக்குப் போகும்போது அது திரிந்துவிடுகிறது. பகடை பொய் சொல்லாது. உங்கள் மனம்தான் சொல்லும்."

அடடா, என்ன ஏற்பாடு! எண் பலித்தவன் மேடையேறிக் கும்பிடுவான். பலிக்காதவன் தன் சந்தேகம் ஊருக்குத் தெரிந்துவிடக் கூடாதே என்று சீட்டைக் கசக்கி வேட்டியில் செருகிக்கொண்டு, எல்லாரையும்விட உரக்கக் கைதட்டுவான்.

எனக்கு முதல் வாரம் எட்டு பலித்தது. இரண்டாம் வாரம் ஏழு. மூன்றாம் வாரம் மறுபடி எட்டு. மும்முறை அருள் பெற்றவன் என்று என்னை மேடையிலேயே உட்காரவைத்துவிட்டார்கள். எனக்குள் துளிச் சந்தேகமும் இல்லை என்பதற்கு அத்தாட்சியாம். கணக்கு வாத்தியாருக்கு இதைவிடக் கேவலமான நற்சான்றிதழ் யாரும் கொடுத்திருக்க முடியாது. நான் பூரித்துப் போனேன்.

யாத்திரைக்கு ஆளுக்கு ஒன்றரை லட்சம். நாற்பது இடம். வெளியே காத்திருப்போர் பட்டியல்.

அந்த வாரம் புதன்கிழமை நொச்சிக்குப்பத்துக்கு மீன் வாங்கப் போனேன். அந்தோணியம்மாளிடம்தான் இருபது வருடமாக வாங்குகிறேன். வழக்கம்போல ஒரு சங்கரா மீனை எடுத்து, செவுளைத் தூக்கிப் பார்த்து, சிவப்பாக இருக்கிறதா என்று சோதித்து, கண்ணையும் அமுக்கிப் பார்த்தேன். அவள் விலை சொல்லவில்லை.

"சார், எம்புள்ள ஆண்டனி மீன் புடிக்கிற போட்டோட இன்ஜின விக்கப்போறான்."

"ஏம்மா?"

"கொயும்புக்குப் போறானாம், பகடை உருட்ட. சனிக்கெயம காலீல இன்ஜின வாங்குறவன் வரான். நான் கத்திக்கினு கீறேன், கேக்க மாட்றான். 'கணக்கு சாரே சொல்லிகீறாரு, உனுக்கு இன்னா தெரியும்'ன்றான். உன் மூஞ்சி போட்ட நோட்டீஸ மாதா படத்துக்குப் பக்கத்துல ஒட்டி வெச்சிகீறான் சார்."

எனக்கு வெட்கமாக இருந்திருக்க வேண்டும். பெருமையாக இருந்தது.

"கவலைப்படாதம்மா. ஜெயிச்சு வந்து ரெண்டு இன்ஜின் வாங்குவான்."

அவள் மீன் கத்தியைக் கீழே வைத்தாள். "சந்தேகப்பட்டா நம்பரு மாறிப்பூடும்ன்றாங்களே. ஒரே ஆளு கையில ரெண்டு தபா மாறுமா?"

"ரெண்டு பொட்டலம் வாங்கக் கூடாதும்மா. தோஷம்."

"யாரு சொன்னது?"

"சுவாமிதான்."

"ஓ" என்றாள் அந்தோணியம்மாள். மீனை வெட்டிக் கொடுத்துவிட்டாள். அந்த "ஓ"வின் பொருள் எனக்கு வெள்ளிக்கிழமைதான் விளங்கியது.

அன்று யாத்திரைக்குப் பெயர் கொடுக்கக் கடைசி நாள். மண்டபத்தில் மூச்சுவிட இடமில்லை. மேடையில் இருபத்தேழு விளக்கும் எரிந்தன. நான் அங்கவஸ்திரத்தோடு, மடியில் என் பொட்டலத்தோடு உட்கார்ந்திருந்தேன். முன்வரிசையில் ஆண்டனி, பொட்டலத்தை இறுக்கிப் பிடித்த கையோடு. யோகி பகடையை எடுத்து நெற்றியில் வைத்துக் கண்ணை மூடினார்.

"சாமி, கொஞ்சம் இரு" என்றது ஒரு குரல்.

இடுப்பில் மீன் கூடையோடு அந்தோணியம்மாள் மண்டபத்து நடுப்பாதையில் வந்துகொண்டிருந்தாள். தொண்டர்கள் தடுக்க ஓடினார்கள். கிட்டே போனதும் வாசனை தாங்காமல் மூக்கைப் பிடித்துக்கொண்டு ஒதுங்கினார்கள். தொள்ளாயிரம் பேரும் வழிவிட்டார்கள். யோகி வந்தபோதுகூட அவ்வளவு அகலமாக வழி கிடைத்ததில்லை.

மேடையேறிக் கூடையைக் கவிழ்த்தாள். ஒன்பது குங்குமப் பொட்டலம் விழுந்தன.

"ஒம்போது கவுண்டர்லயும் வாங்கினேன். ஒரே பேரு, ஒரே நச்சத்திரம். எம்புள்ளைக்கு நீங்க சொன்ன பரணியத்தான் எனுக்கும் சொன்னேன். கையில வெச்ச குங்குமத்த முந்தானையில தொடச்சிக்கினு அடுத்த லைனுக்குப் பூட்டேன்." ஒலிபெருக்கியை இழுத்து வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் பிரித்து எண்ணைப் படித்தாள். "ஆறு. எட்டு. ஏயு. நாலு. ஏயு. ஒம்போது. அஞ்சு. எட்டு. பதினொண்ணு. நான் ஒருத்தி. எனுக்கு மனசு ஒண்ணு. நம்பரு மட்டும் எப்பிடி சாமி இத்தினி?"

யோகி கலங்கவில்லை. புன்னகைத்தார். "தாயே, உன் சந்தேகம் அவ்வளவு பெரியது. அதனால்தான் இத்தனை விதமாகத் திரிந்திருக்கிறது."

மண்டபம் அதிரக் கூட்டம் கைதட்டியது. நானும் தட்டினேன். மறைத்து என்ன பயன்?

"கரெக்டு" என்றாள் அவள். "நான் சந்தேகப் பேயி. அப்போ சந்தேகமே படாத ஆளு ரெண்டு பேரைப் பாப்போம். எம்புள்ள சோறு போடுற இன்ஜினயே விக்கத் துணிஞ்சிட்டான். அவனாண்ட சந்தேகம் கீதா? கணக்கு சாரு மூணு தபா ஜெயிச்சவரு. அவராண்ட கீதா? ரெண்டு பேரும் பிரிங்க."

எனக்கென்ன பயம்? பிரித்தேன். ஏழு.

ஆண்டனி பிரித்தான். பத்து.

கைதட்டல் நின்றது. யோகி என் பக்கம் குனிந்து, ஒலிபெருக்கிக்குக் கேட்காமல் முணுமுணுத்தார். அப்போது அவர் பேசியது பழைய புகைபோக்கித் தமிழ்: "சார், அந்தப் பையனுக்குத்தான் சந்தேகம்னு சொல்லிடுங்க. நீங்க சொன்னா எடுபடும். கொழும்பு உங்களுக்கும் மேடத்துக்கும் ஃப்ரீ."

நான் வாயைத் திறப்பதற்குள் ஆண்டனியே எழுந்துவிட்டான். தலையைக் குனிந்துகொண்டான். "எனுக்குத்தான் சார் நேத்து கொஞ்சம் மனசு ஆடிப்போச்சு. அம்மா அயுதுச்சு. அதான் நம்பரு மாறிட்ச்சு போல. மன்னிச்சிக்கோங்க சாமி."

அம்மா அழுததற்காக மனம் இளகிய ஒரு பிள்ளை, அதற்குப் போய் மன்னிப்புக் கேட்கிறான். யாரிடம்? இவரிடம். யாரை நம்பி? என்னை நம்பி. அவன் முகத்தைப் பார்க்க முடியாமல் பார்வையைத் திருப்பினேன். எதிரே விளக்குகள்.

ஏழாம் தட்டில் ஐந்து. ஆறிலும் எட்டிலும் நாலு நாலு. பத்தில் இரண்டு.

அந்தோணியம்மாள் பிரித்துப் போட்ட சீட்டுகளைப் பார்த்தேன். மறுபடி விளக்குகளைப் பார்த்தேன். காபி குடித்துக் கொண்டாடிய என் கணக்கு அங்கே திரி போட்டு எரிந்துகொண்டிருந்தது. விளக்குக் கணக்கு என்ற பெயரில், கவுண்டர் டப்பாவில் இருபத்தேழு பொட்டலத்துக்கு எந்த எண் எத்தனை என்று அவருக்கு எழுதிக் கொடுத்தவன் நான். எது விழுந்தாலும் யாருக்காவது பலித்தே தீரும், சராசரியாக ஒன்பதில் ஒருவருக்கு. தொள்ளாயிரம் பேரில் முதல் வாரம் நூறு பேர். அந்த நூறில் இரண்டாம் வாரமும் பலிப்பது பதினோரு பேருக்கு. மூன்றாம் வாரம் மிஞ்சுவது ஒரே ஒரு முட்டாள். அவனுக்கு அங்கவஸ்திரம் போர்த்தி மேடையில் வைத்தாயிற்று. வலையைப் பின்னியவனும் நான்தான், அதில் போய் விழுந்த மீனும் நான்தான்.

ஒலிபெருக்கியை வாங்கினேன்.

"ஆண்டனி சந்தேகப்படல. நானும் படல. நாங்க ரெண்டு பேரும் செஞ்ச தப்பே அதுதான். எல்லாரும் உங்க பொட்டலத்தப் பிரிங்க. உங்க எண் எந்தத் தட்டோ, அதுக்கு நேரா வரிசையா நில்லுங்க."

முதலில் யாரும் அசையவில்லை. பிறகு ஒருவர் எழுந்தார். அவரைப் பார்த்து பத்துப் பேர். ஐந்து நிமிடத்தில் மண்டபமே பதினோரு வரிசையாகப் பிரிந்து நின்றது. ஏழுக்கு நேரே வாசல்வரை வரிசை. இரண்டுக்கும் பன்னிரண்டுக்கும் குட்டையாக ஓரத்தில் கொஞ்சம் பேர். நடுவில் உயர்ந்து இரு பக்கமும் சரிந்து, நான் முப்பத்தொரு வருடம் பலகையில் வரைந்த படம் உயிரோடு நின்றது. அவரவர் பக்கத்து வரிசையைப் பார்த்தார்கள். "உங்களுக்கு ஒன்பதா? எனக்கு அஞ்சு!" என்று ஒருவருக்கொருவர் சீட்டைக் காட்டிக்கொண்டார்கள். என் வாழ்நாளில் நான் எடுத்த ஒரே நல்ல வகுப்பு அது.

"இப்போ எல்லாருக்கும் சேத்து ஒரே நம்பரு சொல்லு சாமி" என்றாள் அந்தோணியம்மாள். "சொல்ட்டு உருட்டு."

யோகி பகடையைப் பையில் போட்டார். "இப்போது ராகு காலம். உருட்டக் கூடாது."

"வெள்ளிக்கிழமை ராகு காலம் பகல் பன்னெண்டுக்கே முடிஞ்சுபோச்சு!" என்று ஏழாம் வரிசையிலிருந்து ஒரு பெரியவர் கத்தினார். நாட்டில் பஞ்சாங்கம் ஒரு பொய்யைப் பிடித்துக் கொடுத்தது அன்று ஒரு நாள்தான் என்று நினைக்கிறேன். யோகி பந்திக் கூடத்து வழியாக ஓடினார். கூட்டமும் பின்னால் ஓடியது. இலைத்தொட்டி அருகே ஒரு காவி வேட்டி மட்டும் கிடைத்ததாகச் சொன்னார்கள்.

மேடையை விட்டு இறங்கும்போது ஓர் அம்மாள் என் கையைப் பிடித்தாள். மோசடி முழுவதும் விளங்கிவிட்டது என்றாள். நன்றி என்றாள். பிறகு குரலைத் தாழ்த்தி, "ஆனா உங்களுக்கு மூணு வாரம் பலிச்சதே சார். ராசியான கை. கொழும்புக்கு நாங்களே டிக்கெட் போட்டுக்கறோம், ஒரு நம்பர் மட்டும் சொல்லுங்களேன்" என்றாள்.

அவளை நான் கேலி செய்யவில்லை. அரைமணி நேரத்துக்கு முன்பு வரை நானும் அதே வரிசையில்தான் நின்றேன்.

சனிக்கிழமை காலை மீன் கடைக்குப் போனேன். இன்ஜின் வாங்க வந்த ஆளைத் திருப்பி அனுப்பிவிட்டு ஆண்டனி கடலுக்குப் போயிருந்தான். அந்தோணியம்மாள் ஒரு சங்கராவை எடுத்து முன்னால் போட்டாள். என் கை தானாகப் போய்ச் செவுளைத் தூக்கியது. அவள் சிரித்துவிட்டாள்.

"இருவது வருசமா என்னாண்ட வாங்குற. ஒரு தபாவாச்சும் செவுளப் பாக்காம வாங்கிகீறியா சார்? மாதா மேல சத்தியமா காலீல புடிச்சதுன்னு சொல்லுவேன். அப்பவும் தூக்கித்தான் பாப்ப. நான் என்னிக்காவது, சந்தேகப்பட்டா மீனு நாறிப்பூடும்னு உன்னாண்ட சொல்லிகீறனா?"

"இல்ல."

"நீ நல்லா பாக்கட்டும்னு நானே தூக்கிக் காட்டுவேன். நல்ல மீனு விக்கறவ பாக்காதன்னு சொல்ல மாட்டா சார்."

மீனை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். மதுமதி கேஸ் சிலிண்டர் பதிவு செய்தாச்சா என்று கேட்டாள். எனக்குத் தகுந்த கேள்வி அதுதான்.

நங்கநல்லூர்ப் பக்கம் புதிதாக ஒரு யோகி இறங்கியிருக்கிறாராம். பகடை இல்லை, இது வேறு ஏதோ. பேனர் ஓரத்தில் ஒரு மேதையின் படத்துக்கு இடம் காலியாக இருக்கும். என்னைவிடப் படித்தவர்கள் முந்திக்கொள்ளலாம். போகிறவர்கள் தாராளமாகப் போங்கள். அங்கே யாராவது சந்தேகப்படக் கூடாது என்று சொன்னால் மட்டும், செவுளைத் தூக்கிப் பார்த்துவிட்டுக் கும்பிடுங்கள்.